அட்டனில் ஒரு கிட்டார் ஆல்பம்: மழை, தகரம், தப்பு

பேண்டில் லீட் கிட்டார் வாசிக்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாட்டு எடுபட்டால் கைதட்டலில் நமக்கும் பங்கு வரும், சொதப்பினால் பாடகர் பார்த்துக்கொள்வார். முப்பது வருஷத்துக்கு மேல் நான் அந்தச் சௌகரியத்தில்தான் காலத்தை ஓட்டினேன். நுவரெலியா ஏப்ரல் சீசன், கல்யாண வீடுகள், ஹோட்டல்களில் டிசம்பர் 31 இரவு, ராக் கொஞ்சம், பைலா நிறைய. சொந்தமாக ஆல்பம் போட இறங்கியபோது வயது 55ஐத் தாண்டிவிட்டது. எட்டுப் பாட்டு, அதில் ஆறு வெறும் இசை, தயாரிப்பாளரும் நானே. இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது சாமானைப் பற்றி. இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டார் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி), ஷூர் எஸ்எம்57 மைக், பழைய லேப்டாப், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், அவ்வளவுதான். எஸ்எம்57 1965இல் வந்த மைக், இன்றைக்கும் பெரிய பெரிய ஸ்டூடியோக்களில் கிட்டார் ஆம்புக்கு (சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) முன்னால் அதுதான் நிற்கிறது. ரீப்பரை 60 நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம், பிடித்திருந்தால் தனியாளுக்கு 60 டாலர். இதற்கு மேல் வாங்கினால் கடைக்காரருக்குத்தான் லாபம். உண்மையான வேலை வீட்டில் இருக்கிறது, அதைப் பற்றி எந்த வீடியோவும் சொல்லாது.

எங்களுடையது தகரக் கூரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அட்டன் பக்கம் செப்டம்பர் வரை லேசில் விடாது, அந்த நேரத்தில் ஆம்புக்கு முன்னால் மைக்கை வைத்தால் கிட்டாரோடு சேர்ந்து கூரையும் வாசிக்கும். அதனால் ஆம்பில் எடுக்க வேண்டியதை எல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த மாதங்களுக்கு ஒதுக்கினேன். மழை மாதங்களில் கிட்டாரை நேரடியாக இன்டர்ஃபேஸில் சொருகி, எஃபெக்ட் எதுவும் இல்லாத பச்சைச் சத்தத்தை மட்டும் பதிந்து வைத்தேன். அந்தப் பதிவைப் பிறகு ஆம்பு வழியாக ஓடவிட்டு மைக்கில் பிடித்துக்கொள்ளலாம், ரீஆம்ப் என்பார்கள். வாசிப்பு மழைக்காலத்தில், சத்தம் வெயில்காலத்தில். மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நடுவுக்கு நேரே வைத்தால் காதைக் கிழிக்கும், இரண்டு விரல் அளவு விளிம்புப் பக்கம் தள்ளினால் உருண்டு வரும். அந்த இரண்டு விரலுக்காக ஒரு இரவு முழுக்கப் போனதும் உண்டு.

அப்புறம் அந்த உறுமல். நம்முடைய கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கம்பியின் அதிர்வைப் பிடிக்க கிட்டாரில் இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். மேடையில் டிரம்ஸ் அடிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது, ஹெட்போனில் தனியாகக் கேட்டால் பாட்டே அதுதான் போலிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்தோம், பாதி போய்விட்டது. சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. மிச்சத்துக்கு நாற்காலியோடு மெதுவாகச் சுற்ற வேண்டும், கிட்டார் எந்தத் திசையில் நிற்கும்போது உறுமல் அடங்குகிறதோ அங்கேயே அசையாமல் இருந்து வாசிக்க வேண்டும். எனக்கு வாய்த்த திசை சமையலறைச் சுவர்.

ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு தப்பு என்ற தோல் பறையோடு சேர்ந்து எடுத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு (மன்மதன் கதையை ஆடும் கூத்து) தப்பு அடிக்கிற அண்ணனிடம் போய்க் கேட்டேன், உடனே வந்தார். தப்பை அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும், தோல் இறுகினால்தான் அந்தக் கணீர் சத்தம். பனிமூட்டம் இறங்கினால் கொஞ்ச நேரத்திலேயே தோல் தொய்ந்து சத்தம் மொத்தென்று ஆகிவிடும். வெளியே சருகும் கடதாசியும் போட்டு எரிப்பது, காய்ச்சுவது, உள்ளே ஓடிவந்து அடிப்பது, மறுபடி வெளியே. ஒரு டேக்கின் தொடக்கத்தில் இருந்த சத்தம் முடிவில் இருக்காது. முதலில் அது எனக்குத் தலைவலியாக இருந்தது, கேட்கக் கேட்க அதுதான் அந்தப் பாட்டின் போக்கு என்று பட்டது, வெட்டி ஒட்டாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

கிளிக் டிராக், அதாவது வேகம் மாறாமலிருக்க ஹெட்போனில் ஓடும் டிக் டிக் சத்தம், அந்த விஷயத்தில்தான் மல்லுக்கட்டு. ஹெட்போனை மாட்டிவிட்டதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. "தம்பி, இந்த டிக் டிக்க நிப்பாட்டுங்க. ஆடுறவன் காலப் பாத்துத்தான் நான் அடிப்பேன், நீங்க முன்னால ஒக்காந்து வாசிங்க" என்றார். கிளிக் இல்லாமல் எடுத்தால் பிறகு எடிட் செய்வது நரக வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தினேன். அவர் என் வலது கையைப் பார்த்து அடிக்க, நான் அவருடைய குச்சியைப் பார்த்து வாசிக்க, வேகம் போகப் போகக் கூடியது, கூத்தில் கூடுவது போலவே. கிளிக்கோடு எடுத்திருந்தால் அந்தச் சூடு வந்தே இருக்காது என்பது என் கட்சி. மற்ற ஏழு பாட்டும் கிளிக்கில்தான் எடுத்தேன், அதுவும் சரிதான்.

பதிந்ததை எல்லாம் அளவு பார்த்துச் சேர்க்கிற மிக்ஸிங்கை நானே செய்யவில்லை. கிட்டார்காரன் மிக்ஸ் செய்தால் எல்லாப் பாட்டிலும் கிட்டார்தான் முன்னால் நிற்கும். கண்டியில் ஒரு பையனிடம் கொடுத்தேன், என் மகன் வயதுதான். ஒரு பாட்டில் நான் கிட்டாரை அடுக்கு அடுக்காகப் பதிந்திருந்தேன், பிரமாண்டமாக இருக்கட்டும் என்று. "அங்கிள், எல்லாம் ஒரே எடத்துல நிக்குது, ஆள் கூடக் கூட சின்னதாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு இடதில் ஒன்று, வலதில் ஒன்று வைத்து மற்றதை மியூட் செய்து காட்டினான். பெரிதாகத்தான் கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் வலித்தது. கடைசி மெருகான மாஸ்டரிங்கிலும் அவன் சத்தத்தைத் தேவையில்லாமல் ஏற்றவில்லை. ஸ்பாட்டிஃபை எப்படியும் எல்லாவற்றையும் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும், நாம் நசுக்கி நசுக்கி ஏற்றுவதில் பிரயோசனமில்லை.

வெளியிடுவது பெரிய வித்தை இல்லை. பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்புகிற விநியோக நிறுவனம் ஒன்றில் வருஷச் சந்தா கட்டி ஏற்றினால், ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான ஐஎஸ்ஆர்சி இலக்கமும் அவர்களே கொடுப்பார்கள். சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடலாம், சேருவதற்கு முன் அந்த நிபந்தனையைப் படியுங்கள். காசு எந்த வழியில் கைக்கு வரும் என்பதையும் முதலிலேயே பாருங்கள். நான் போட்ட காலத்தில் இலங்கையில் பேபாலில் பணம் அனுப்பலாம், வாங்க முடியாது, அதனால் பேயோனியர் என்ற இன்னொரு பணப் பரிமாற்றச் சேவை. வரும் காசும் அப்படியொன்றும் இல்லை. 2024இலிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாவிட்டால் ஸ்பாட்டிஃபை அதற்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. என் ஆல்பத்தில் அந்தக் கோட்டைத் தாண்டியது தப்புப் பாட்டு மட்டும்தான்.

அந்தப் பாட்டுக்கு வருவதில் பாதி அண்ணனுக்கு, முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நம் ஆட்கள் இதை வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவார்கள், பிறகுதான் சண்டை. இப்போது நகர மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி வைக்கப் பார்க்கிறோம். தப்புக் காய்ச்ச வாசலில் தீ மூட்ட விடுவார்களா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.