குஸ்கோ பேராயர் இல்லத்தில் ஒரு நற்கருணைப் பவனி

பெரு நாட்டின் குஸ்கோ நகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹாதுன் ருமியோக் தெருவில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. நின்று இளைப்பாறிய இடத்தில், சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருந்திய சுவர். ஸ்பானியர் வருமுன் இங்கே ஆண்ட இன்கா வம்சத்து மன்னன் இன்கா ரோக்காவின் அரண்மனைச் சுவர் அது. பேர்போன 12 மூலைக் கல்லும் அதில்தான் இருக்கிறது. அதன்மேல் ஸ்பானியர் எழுப்பிய மாளிகை பிற்பாடு பேராயர் இல்லமாகி, இப்போது சமயக் கலை அருங்காட்சியகமாக இருக்கிறது.

நான் தேடிப் போனது, நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலாகக் கத்தோலிக்கர் வணங்கும் அப்பத்தை, பவனியாக எடுத்துச் செல்லும் கிறிஸ்துவின் திருவுடல் திருவிழா ஓவியங்களை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாந்தா அனா பங்கின், அதாவது அந்த வட்டாரத்துக் கத்தோலிக்க மக்களின், கோவிலுக்காக வரைந்தவை. மொத்தம் 16. இங்கே இருப்பவை 12, மற்ற நான்கும் சிலி நாட்டுக்குப் போய்விட்டன.

புனித செபஸ்தியார் பங்கின் படத்துக்கு முன்னால்தான் வெகுநேரம் நின்றேன். அலங்காரத் தேரில் அம்புகள் தைத்த புனிதர். தேருக்கு முன்னால் நடக்கிறார் அந்தப் பங்கின் இன்கா தலைவர். நெற்றியில் சிவப்புக் குஞ்சம். ஒரு காலத்தில் இன்கா பேரரசன் மட்டும் அணிந்த மஸ்கபைச்சா. நெய்த மேலாடைக்குள்ளிருந்து வெள்ளை லேஸ் கைகள் எட்டிப் பார்க்கின்றன. தோற்றுப்போன அரச வம்சம் தன் முடியோடு நற்கருணை நாதருக்கு முன்னால் நடக்கிறது. அதைப் பார்த்ததும் கைகள் தாமாகக் குவிந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். குஸ்கோவில் புனிதர்கள் இப்படிச் சக்கரம் வைத்த தேர்களில் வந்ததே இல்லை. ஸ்பெயினின் வலென்சியா நகரத் திருவிழாவைப் பற்றி 1663-இல் அச்சான ஒரு நூலின் படங்களைப் பார்த்து ஓவியர்கள் வரைந்த தேர்கள் இவை. இங்கே புனிதர்களுக்கு அன்றும் இன்றும் சப்பரம்தான், அதுவும் தோளில். திருவிழாவுக்கு 15 சுரூபங்கள் பேராலயத்துக்கு வருகின்றன. தேர் கற்பனை என்று தெரிந்த பிறகு என் கண் தேரை விட்டுவிட்டு மனிதர்களிடமே போனது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் தனி முகம், பார்த்துப் பழகிய யாரையோ வரைந்த மாதிரி.

பக்கத்தில் ஒரு பாட்டி வந்து நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "சான் செபஸ்தியான்" என்று படத்தைக் காட்டிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார். அவருடைய பங்காம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில், யார் சுமப்பது என்று கேட்டேன். "மிஸ் ஹீஹோஸ்" என்றார், என் பிள்ளைகள். சொல்லிக்கொண்டே தன் வலது தோளை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.