ஈறு ஒட்டுத் தையலுக்குப் பிறகு: புண் ஆறிய கதை

மேல் கோரைப்பல்லில் ஈறு ஏறிப்போய், பல் வேரோடு நீளமாகத் தெரிந்தது. கடினமான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்த பழக்கம்தான் காரணம். அண்ணத்திலிருந்து கொஞ்சம் திசு எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். தேதி குறிக்கும் முன் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி: சிகரெட் உண்டா, சுகர் உண்டா? இரண்டுமே புண் ஆறுவதைக் கெடுக்குமாம்.

ஊசி மரப்பு இறங்கியதும் ஈறு அவ்வளவாக வலிக்கவில்லை, அண்ணம்தான் கொதிக்கிற காபி பட்டு வெந்தது போல எரிந்தது. முதல் நாள் கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம் வைப்பது, பத்து நிமிடம் எடுப்பது. கொப்பளிக்கக் கூடாது, வேகமாகத் துப்பவும் கூடாது, ஸ்ட்ரா கூடவே கூடாது.

நான் செய்த தப்பு, மணிக்கொரு தரம் உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தது. வைத்த திசுவுக்கு முதல் இரண்டு மூன்று நாள் சொந்த ரத்த ஓட்டமே கிடையாது, அடியில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கிறது, அப்புறம்தான் புது ரத்தக்குழாய்கள் வந்து சேரும். உதட்டை இழுத்தால் அந்த ஒட்டு அசைந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கண்ணாடிப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் இரவு அண்ணத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம். சீழ் என்று பயந்து பஞ்சை நனைத்துத் துடைக்கப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் கிளினிக்குக்கு போன் போட்டேன். அது ஃபைப்ரின், புண்ணுக்கு மேல் உடம்பே போடும் மூடி, தொடாதீர்கள் என்றார்கள். நாளாக ஆக வலியும் வீக்கமும் கூடினால், நாற்றமோ காய்ச்சலோ வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார்கள்.

14-ஆம் நாள் தையல் பிரிக்கும் வரை அந்தப் பல்லில் பிரஷ் படவில்லை. பதிலுக்கு 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தால் வாய் கொப்பளிப்பு, 10 மில்லி, காலையும் இரவும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு ஊற்றினால் மருந்து சரியாக வேலை செய்யாது, அரை மணி விட வேண்டும். நாக்கில் ருசி மாறும், பல்லில் பழுப்புக் கறை படியும், கறையைப் பிறகு கிளீன் செய்துவிட்டார்கள்.

சாப்பாடு குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, எல்லாம் மறுபக்கத்தில். நான்காம் நாள் ஆசைப்பட்டு ரசம் ஊற்றினேன், ஒரு மிளகுத் துகள் அண்ணத்தில் பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது மூன்றாம் மாதம். ஒட்டிய இடத்தின் நிறம் பக்கத்து ஈறோடு சேர்ந்துவிட்டது. கையில் இருப்பது மிருதுவான பிரஷ்.