பழைய வீட்டுக்குப் புது ஒயரிங்

கானாடுகாத்தான் வீட்டில் ஒயரிங் மாத்துறோம். தேக்குப் பட்டியில் ஓடும் பழைய ரப்பர் ஒயர் தொட்டாலே உதிருது. எர்த் என்ற ஒன்றே கிடையாது!

முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவரை வெட்ட மனசு வரல. சுவருக்கு மேலேயே பிவிசி பைப். அப்பச்சிக்கு அதில் வருத்தம்தான்.

லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஏசிக்கு 4. பச்சை ஒயர் எர்த்துக்கு மட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்டை நிறுத்துற ஆர்சிசிபியை மட்டும் விட்டுக்கொடுக்கல. "எம்சிபி இருக்கே, போதாதா?"ன்னு கேட்காத சொந்தக்காரங்க இல்லை. எம்சிபிங்கிற தானா விழுற சுவிட்ச், ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். ஆள் உடம்பு வழியா கரண்ட் தரைக்குக் கசிஞ்சா அதுக்குத் தெரியாது. போற கரண்டுக்கும் திரும்புற கரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஆர்சிசிபிதான் கட் பண்ணும்.

அடுத்து, மின்வாரியத்தில் லோடு (வீட்டுக்கு அனுமதிச்ச மின்சார அளவு) கூட்டணும்.