கடுக்காயும் துருவும் நடத்திய வகுப்பு

ஊர் சுற்றப் போகும் இடத்தில் ஏதாவது ஒரு கைவேலையைக் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. அவர்களுக்காகவே ஒன்றரை மணி நேர வகுப்புகளும் வந்துவிட்டன. துணி தயாராக இருக்கும், சாயமும் கலந்து வைத்திருப்பார்கள். அச்சுக்கட்டையை நாலு தடவை வைத்து எடுத்தால் ஒரு கைக்குட்டை முடிந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது சரி. செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது போதாது. ஊறவைப்பது, அலசுவது, காயப்போடுவது, காத்திருப்பது என்று வேலையின் அலுப்பான பங்கும் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கும் அஜ்ரக்பூரில் அது எனக்குக் கிடைத்தது.

நான் திருப்பூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். எங்கள் ஊரில் சாயம் என்பது பாடம் மட்டும் இல்லை. நொய்யலில் ஓடிய நிறங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது வேலை இழந்த வீடுகளிலிருந்து என் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அதனால் சாயத்தைப் பற்றி எனக்கு எப்போதும் இரண்டு மனசு. ஆயத்த ஆடைக்குப் பெயர்போன ஊரிலிருந்து கிளம்பி, இயற்கைச் சாயத்தை இன்னும் கைவிடாத ஒரு ஊரில் போய் வேலை செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அஜ்ரக்பூர் புஜ் நகரத்திலிருந்து அரைமணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும். புதிய ஊர். ஆனால் அங்கே நடக்கும் தொழில் மிகப் பழையது: மரக்கட்டையால் அச்சிட்டு இயற்கைச் சாயம் ஏற்றும் அஜ்ரக் துணி. எகிப்தில் ஃபுஸ்டாட் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் குஜராத்திலிருந்து போன அச்சுத் துணிகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இன்றைய அஜ்ரக்கின் உறவு அவற்றில் தெரிகிறது என்கிறார்கள். கட்ச்சில் இந்தத் தொழிலைச் செய்பவர்கள் கத்ரி சமூகத்து முஸ்லிம்கள். சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் சிந்துப் பகுதியிலிருந்து வந்து, ஆற்றுத் தண்ணீரை நம்பி தமட்கா என்ற கிராமத்தில் குடியேறினார்கள். பிறகு ஆறு வற்றியது, கிணற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். 2001 ஜனவரி 26 காலையில் வந்த பூகம்பத்தில் தமட்கா தரைமட்டமானது. தப்பியவர்கள் இன்னொரு சிக்கலையும் கண்டார்கள்: பூகம்பத்துக்குப் பின் நிலத்தடி நீரில் இரும்பு கூடிவிட்டது. குடும்பங்களில் பெரும்பகுதி சேர்ந்து வேறு இடத்தில் நிலம் வாங்கி, தொழிலின் பெயரையே வைத்து ஒரு ஊரைக் கட்டியது. அதுதான் அஜ்ரக்பூர். சிலர் தமட்காவிலேயே தங்கி, இன்றும் அங்கே அச்சிடுகிறார்கள்.

தண்ணீரில் கொஞ்சம் இரும்பு கூடியதற்காக ஒரு ஊரே இடம் மாறுமா? இதைப் படித்தபோது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. உண்மையில் புரிந்தது அங்கே கடுக்காய்த் தண்ணீரில் கை வைத்த பிறகுதான்.

நான் போய்ச் சேர்ந்த பட்டறையின் பெரியவரை எல்லோரும் சாச்சா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் ‘டீச்சர் பென்’, பென் என்றால் குஜராத்தியில் சகோதரி. என் இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் இந்த வேலைக்கு அவ்வளவு பேச்சு தேவைப்படவில்லை. முதல் நாள் அச்சுக்கட்டையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. கஞ்சி போக அலசிய வெள்ளைத் துணியை ஒட்டகச் சாணம், சலவைச் சோடா, விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த நீரில் முக்கிப் பிசையச் சொன்னார். இதற்கு ‘சாஜ்’ என்று பெயர். பிழிந்து இரவு முழுக்க மூட்டையாகக் கட்டி வைத்து, மறுநாள் வெயிலில் அரைகுறையாகக் காயவிட்டு, மறுபடியும் முக்க வேண்டும். இப்படியே ஏழெட்டு முறை நடக்கும். எப்போது போதும் என்று கேட்டதற்கு, துணியின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினார். நுரை வர வேண்டும்.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. வகுப்பில் இதற்குச் சமன்பாடு எழுதி, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். இங்கே அதே வினை என் விரல்களுக்கு நடுவில் நுரைத்தது, வேலை முடிந்ததற்கான அடையாளமும் அதுவே. தராசு, வெப்பமானி எதுவும் பக்கத்தில் இல்லை. தேய்த்துப் பார்க்கும் அந்த ஒரு அசைவுக்குள் பல தலைமுறைகளின் அளவை இருக்கிறது.

அடுத்தது கடுக்காய். பொடித்த கடுக்காயை நீரில் கலந்து துணியைத் தோய்த்து, வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிக் காயவைத்தால் வெளிர் மஞ்சளாக வரும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இப்போது நூலில் ஏறியிருக்கிறது. பிறகு கறுப்புக்கான கலவை. பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு, சுமார் மூன்று வாரம் புளிக்க விடுகிறார்கள். தொட்டியைத் திறந்தால் காடி வாசனை மூக்கில் ஏறும். அதை வடித்து, புளியங்கொட்டைப் பொடி சேர்த்துக் காய்ச்சினால் அச்சுக்குத் தக்க பசை கிடைக்கிறது. கடுக்காய் ஏறிய துணியில் சாச்சா அதில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கண்ணெதிரே கறுத்தது. இரும்பும் டானினும் சந்தித்த இடம் அது. பழைய காலத்து எழுது மையும் இதே வினைதான்.

அப்போதுதான் தமட்காவின் கதை எனக்கு முழுசாகப் பிடிபட்டது. கறுப்பு வேண்டிய இடத்தில் மட்டும் இரும்பு படுவதற்காக இவ்வளவு பாடுபடுகிறார்கள். அலசும் தண்ணீரிலேயே இரும்பு இருந்தால் கடுக்காய் ஏறிய துணி முழுவதும் மங்கிப்போகும், சிவப்பு செத்துவிடும். ஊரை மாற்றுவதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்திருக்கும்? இந்த விஷயத்தை எத்தனை பக்கம் படித்திருந்தாலும், அந்தச் சொட்டு எனக்குக் கொடுத்த அதிர்ச்சி கிடைத்திருக்காது.

அச்சு வேலைக்கு வருகிறேன். கட்டைகள் தேக்கில் செதுக்கியவை. காந்திநகர் பக்கத்தில் பேதாபூர் என்ற ஊரில் இதைத் தலைமுறைகளாகச் செதுக்குகிறார்கள். ஒரே வடிவத்துக்குப் பல கட்டைகள் உண்டு. வெள்ளைக் கோட்டுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, சிவப்பு நிரப்ப ஒன்று. முதலில் சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த பசையால் கோடுகள். அந்த இடங்களில் எந்தச் சாயமும் ஏறாது, கடைசிவரை வெள்ளையாகவே நிற்கும். அதன் மேல் கறுப்புக் கட்டை. பிறகு சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரப் பசை. “கட்டையை முழுசாப் பார்க்காதீங்க, மூலையை மட்டும் பாருங்க” என்பதுதான் சாச்சா எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. முன்னால் விழுந்த அச்சின் மூலையில் புதிய கட்டையின் மூலையை உட்கார வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கட்டையின் முதுகில் ஒரு தட்டு. சத்தத்தை வைத்தே அச்சு சரியாக விழுந்ததா என்று அடுத்த மேசையில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். சாயங்காலத்துக்குள் என் மணிக்கட்டு வீங்கியது. மறுநாள் தோளிலிருந்து தட்டக் கற்றுக்கொடுத்தார்கள், வலி குறைந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சிவப்புக்காக நாம் அச்சிடும் பசையில் சிவப்பே கிடையாது. படிகாரத்துக்கு நிறம் இல்லை, எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும் லேசாக ஏதாவது கலக்கிறார்கள். படிகாரம் ஒரு நிறமூன்றி, அதாவது சாயத்தை நூலோடு பிடித்து வைக்கும் உப்பு. சாயம் வரப்போவது பல நாள் கழித்து. அதுவரை நம்பிக்கையில்தான் வேலை செய்கிறோம்.

சிவப்பு இடங்களை நீலத்திலிருந்து காக்க, களிமண், மாவு, பிசின் கலந்த இன்னொரு பசை போட்டு, ஈரத்தின் மேல் மரத்தூளைத் தூவிக் காயவிடுகிறார்கள். காய்ந்த துணி, நீலச் சாயம் தரும் அவுரியின் தொட்டிக்குப் போகும். தொட்டியில் இருக்கும் திரவம் நீலமாக இருக்காது. பச்சை கலந்த மஞ்சள், மேலே செம்பு நிற ஆடை. நீரில் கரையாத நீலத்தை ஒடுக்கினால், அதாவது ஆக்ஸிஜனேற்றத்துக்கு எதிரான வினைக்கு உட்படுத்தினால், இப்படிக் கரைகிற வடிவத்துக்கு மாறும். துணியை வெளியே எடுத்ததும் பச்சையாகத் தெரிந்து, காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிறது. ஆக்ஸிஜனேற்றத்தை நான் கைகளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் சாக்பீஸில் நடத்திய பாடம் என் முழங்கைவரை நீலமாக ஏறியிருந்தது. அந்த ஊர்ப் பட்டறைகளுக்கு வரும் அவுரியில் நம் திண்டிவனம் பக்கத்தில் விளைவதும் உண்டு என்பதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கடைசியாக, அலசி எடுத்த துணியை மஞ்சிட்டி வேர் போட்ட அண்டாவில் கொதிக்கவிடுகிறார்கள். அடுப்பில் எரிந்தது சீமைக் கருவேலம்தான், அந்த மரம் அங்கேயும் காடாக மண்டியிருக்கிறது. மஞ்சிட்டி போன்ற சாய வேர்கள் தரும் சிவப்புக்கு அலிசரின் என்ற சாயப்பொருள் உறவு. நம் சோழமண்டலக் கரையில் இம்பூறல் என்ற சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பும் அதே குடும்பம். 1868இல் ஜெர்மானியர் இருவர் அலிசரினை முதன்முதலாகச் செயற்கையாகச் செய்தார்கள், அடுத்த ஆண்டே தொழிற்சாலைக்கு ஏற்ற வழியும் வந்துவிட்டது. அதன்பின் வேர் தோண்டிய கைகளுக்கு வேலை போயிற்று. கட்ச்சிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரசாயனச் சாயம் வந்து இந்த முறையை ஏறக்குறைய அழித்தது. தமட்காவின் முகமது சித்திக் கத்ரி 1970களில் அதை மீட்டெடுத்து மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த மகன்களில் ஒருவரான இஸ்மாயில் கத்ரிக்கு 2003இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. இன்றும் பல பட்டறைகளில் இயற்கைச் சாயமும் செயற்கை அலிசரினும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. விலை குறைந்த துணி கேட்டு வருகிறவர்களுக்கும் அவர்கள் கொடுக்க வேண்டுமே. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை.

அண்டாவிலிருந்து நான் அச்சிட்ட துணி வந்தபோது, நிறமே இல்லாமல் நான் வைத்த இடங்களில் எல்லாம் சிவப்பு எழும்பியிருந்தது. அழுகை வந்துவிட்டது. சாச்சாவின் மருமகள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள், எதுவும் கேட்கவில்லை.

இப்படிக் கற்றுக்கொள்ளப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பேரம் பேசாதீர்கள். உங்களுக்காக ஒரு கைதேர்ந்தவர் தன் மேசையை விட்டு எழுந்து நிற்கிறார், அந்த நேரத்துக்கு அவர் எத்தனை மீட்டர் அச்சிட்டிருப்பார் என்று பார்த்தால் கூலி நியாயமாகத் தெரியும். ஒரு வாரத்துக்குக் குறைவாகப் போனால் முழுச் சுற்றைப் பார்க்க முடியாது. ஆனால் பட்டறையில் எப்போதும் துணிகள் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும், கேட்டால் ஒவ்வொன்றிலும் கை வைக்க விடுவார்கள். முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது. அச்சோடு அலசும் வேலையும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால் எந்தத் துணி எப்போது எந்தக் கட்டத்துக்கு வரும் என்று பார்த்து நாள் சொல்வார்கள். அதே ஊரில் ஷ்ருஜன் அமைப்பு நடத்தும் எல்.எல்.டி.சி. (லிவிங் அண்ட் லேர்னிங் டிசைன் சென்டர்) அருங்காட்சியகத்துக்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள், கட்ச்சின் பூவேலைகளை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். மழைக்காலத்தில் துணி காயாது, கோடையில் வெயில் தாங்காது. அகமதாபாதிலிருந்து புஜ்ஜுக்கு இரவு ரயில் இருக்கிறது. பழைய பருத்தி உடை எடுத்துப் போங்கள், அவுரிக் கறை போகாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக வேலை நிற்கும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் பட்டறை மெதுவாகத்தான் ஓடும், அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.