இரண்டாவது வாளி

"மண்ணு நனைஞ்சா போதும் தம்பி, ஊறக் கூடாது. முட்டைக்கும் மூச்சு வேணும்ல" என்றார் அண்ணன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கடலாமை முட்டைகளைப் புதைத்திருந்த மணலில் இரண்டாவது வாளித் தண்ணீரையும் ஊற்றினேன். நடந்தது அவ்வளவுதான். மூன்று சீசன் போயும் அந்த வாளியின் கனம் கையில் இருக்கிறது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசி, கூட்டின் ஆழத்தில் தெர்மாமீட்டர் 34 காட்டியது. பங்குனி ஆமைக்கு 30 டிகிரி சுமாரில் ஆணும் பெண்ணும் கலந்து வரும், இரண்டு டிகிரி கூடினால் ஏறக்குறைய எல்லாமே பெண், 35-ஐ நெருங்கினால் குஞ்சு முட்டை ஓட்டுக்குள்ளேயே செத்துவிடலாம். சும்மா பார்த்துக்கொண்டா நிற்க முடியும்? நாய்க்கும் அலைக்கும் விடக் கூடாது என்று சென்னைக் கரையில் ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளை எடுத்து வந்ததே நாங்கள்தான். வேலிக்குள் புதைத்த பிறகு வெயிலும் எங்கள் பொறுப்புதானே.

ஆனால் அன்று பார்க்க வந்தவர்களிடம் "ஆண் குஞ்சு கிடைக்கத்தான் குளிர வைக்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னேன் பாருங்கள், அது தப்பு. அடைகாலத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப் பங்கிலேயே ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடும். அன்று அந்தக் கூட்டுக்கு 38-வது நாள், நடுப் பங்கு தாண்டியாகிவிட்டது. உயிரைக் காப்பாற்றத்தான் ஊற்றினேன் என்றால், மூச்சு வேணும் என்றவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

118 முட்டையில் 41 குஞ்சு. தோண்டிப் பார்த்தால் முழுசாக வளர்ந்தும் ஓட்டை உடைக்காமலே செத்தவை நிறைய. வெயிலா, தண்ணீரா? பக்கத்துக் கூட்டுக்குத் தண்ணீரே ஊற்றவில்லை, அதில் 80-க்கு மேல் வந்தது. ஆனால் அதன் மேல் தென்னங்கீற்று போட்டிருந்தோம், அதனால் அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'வெப்பம்' என்று எழுதினேன். பொய் இல்லை. தண்ணீரை மட்டும் எழுதவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்தக் கணக்கைக் காட்டித்தான் மார்ச்சிலேயே எல்லாக் கூட்டுக்கும் நிழல் வலை கிடைத்தது. அதனால் நான் எழுதியது சரி என்று ஆகிவிடுமா? சில நாள் சரிதான் என்று தோன்றுகிறது, வலைக்குக் கீழே கை வைத்து மணலைத் தொட்டுப் பார்க்கும்போது குறிப்பாக. அப்புறம் அந்த 77 முட்டை ஞாபகம் வரும்.

இந்த வருடம் வலைக்குக் கம்பு ஊன்றும்போது புதுப் பையன் ஒருவன் வாளியோடு வந்து, எவ்வளவு ஊற்றட்டும் என்று கேட்டான்.

"தம்பியைக் கேளு" என்றார் அண்ணன், என்னைக் காட்டி.