பிளாக் பெல்ட் தேர்வுக்குத் தயாராவோருக்கு: அப்பாவின் வகுப்பில் கற்றவை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் அப்பா தொடங்கிய கராத்தே வகுப்பில்தான் வெள்ளை பெல்ட் முதல் பழுப்பு பெல்ட் வரை பயின்றேன். அவர் மறைந்த பின்னரே ஷோடான் எனப்படும் முதல்நிலை பிளாக் பெல்ட் தேர்வுக்குச் சென்றேன். எனினும் அங்கே எனக்குக் கைகொடுத்தவை அனைத்தும் அவருடைய பயிற்சி முறைகளே என்பதால், ஷோடோகான் பிரிவில் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

தேர்வில் கிஹான் (அடிப்படை அசைவுகள்), கட்டா (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்), குமிதே (இணையுடன் மோதுதல்) என மூன்று பகுதிகள் உண்டு. பெரும்பாலான மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் உயர்நிலைக் கட்டாவிலேயே முழு நேரத்தையும் செலவிடுகிறார்கள். ஆனால் பல அமைப்புகளில், அதனுடன் ஐந்து ஹெய்யான் கட்டாக்களில் ஒன்றையோ தெக்கி ஷோடான் என்னும் கட்டாவையோ தேர்வாளரே அங்கேயே அறிவித்துச் செய்யச் சொல்வார். தொடக்கநிலை மாணவர்களுக்கு உரியவை என்று நாம் ஒதுக்கிவைத்த இந்தக் கட்டாக்களில்தான் குறைகள் வெளிப்படும். இவற்றுள் ஹெய்யான் கட்டாக்களின் மூல வடிவங்களை ஒகினாவாப் பள்ளி மாணவர்களுக்காக அமைத்தவர் இதோசு அன்கோ. கராத்தேயை 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனகோஷியும் பள்ளி ஆசிரியரே. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவுக்கு இதில் தனிப் பெருமை உண்டு; எந்த பெல்ட் கட்டியிருந்தாலும் அன்றாடப் பயிற்சியை ஹெய்யானில்தான் தொடங்க வேண்டும் என்பார்.

எனக்கு அறிவிக்கப்பட்டது ஹெய்யான் யோண்டான். அதன் முதல் இரு அசைவுகளும் கொகுட்சு தாச்சி நிலையில் மிக மெதுவாகச் செய்யப்படுபவை. உடல் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் பின்னங்காலில் நிற்காவிட்டால், வேகத்தால் மறைக்க வழியில்லாமல் தடுமாற்றம் அப்படியே தெரிந்துவிடும். நிற்கும் நிலையை அப்பா சோதித்த விதம் எளிமையானது. மொட்டைமாடியில் எங்களை வரிசையாக நிறுத்தி, பின்னங்காலின் குதிகாலுக்கு அடியில் கிழித்த காலண்டர் தாளை வைப்பார். குத்து விடும் கணத்தில் குனிந்து தாளை இழுப்பார். தாள் கையோடு வந்துவிட்டால் குதிகால் எழும்பிவிட்டது என்று பொருள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் உடன்பிறந்தவர் யாரையேனும் தாளை இழுக்கச் சொல்லி நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

சொந்தத் தேர்வுக் கட்டாவைப் பொறுத்தவரை, பார்ப்பவரைக் கவரும் என்பதற்காக கான்கு தாய் கட்டாவைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 65 அசைவுகள் கொண்ட அதன் இறுதியில் தாவி உதைக்க வேண்டியிருக்கும்போது பலருக்கு மூச்சு மிஞ்சியிருப்பதில்லை. கனத்த உடல்வாகு கொண்டவர்களுக்கு ஜியோன் கட்டா பொருந்தும். அதில் துள்ளிக் குதிக்கும் அசைவு இல்லை. மூச்சைப் பெருக்க அப்பா எங்களைக் கோட்டை மலைப் படிகளில் ஏறவைத்தார். மாம்பழக் கூழ் ஆலைகளில் வேலை மும்முரமாகும் மாதங்களில் மாலை வகுப்புக்கு ஆள் குறையும் என்பதால், விடியற்காலையிலேயே மலைக்கு அழைத்துச் சென்றுவிடுவார்.

ஒரே ஒரு தாக்குதலைத் தடுக்கும் ஜியூ இப்போன் குமிதேயில் தாக்குபவர் இலக்கை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் தாக்குவார். நண்பர் என்று இரக்கப்பட்டுக் குத்தை விலக்கி விட்டால், தடுப்பவருக்குத் தடுக்க எதுவும் இல்லாமல் போய் இருவருக்குமே மதிப்பெண் குறையும். ஆகவே பழகிய ஒரே இணையுடன் மட்டும் பயிலாமல், உங்களைவிட உயரமானவர்களுடனும் பயிலுங்கள். வகுப்பில் மாஸ்டர் என்றே நான் அழைத்த அப்பா, மகள் என்று பாராமல், வகுப்பிலேயே நெட்டையான அண்ணனைத்தான் எனக்கு எதிரே நிறுத்துவார்.

தேர்வுக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் கற்க முயல வேண்டாம். உடையைத் துவைத்து வையுங்கள். கை, கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். நகம் வளர்ந்திருந்தால் அப்பாவின் வகுப்பில் அன்றைக்குக் குமிதே கிடையாது.