கொப்பியில் வெறுமையாகக் கிடந்த பக்கங்கள்

போன கிழமை பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்து, "அண்ணை, வெளியில இருக்கிற ஆக்கள் அரசாங்கத்தின்ர கொள்கையை எப்பிடி மாத்துகினம்?" என்று கேட்டார். அவருடைய குறிப்பில் அழுத்தக் குழு (போராடியும் மனுக் கொடுத்தும் கேட்கிற ஆட்கள்) என்று ஒரு பெட்டி, சிந்தனைக் குழாம் (ஆய்வு செய்து கொள்கை எழுதிக் கொடுக்கிற ஆட்கள்) என்று ஒரு பெட்டி, இரண்டிலிருந்தும் அரசாங்கத்துக்கு ஓர் அம்புக்குறி. நான் இருந்தது முதல் பெட்டிக்குள். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு சின்னக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் செயலாளர். சங்கத்துக்கு மேலே சமாசம், அதற்கு மேலே மாவட்டச் சம்மேளனம், ஒவ்வொரு படியிலும் ஒரு கடிதமாவது தொலையும். எங்கள் கடலில் வந்து மீன்பிடிக்கிற தமிழ்நாட்டு மீனவர்களின் குழு 2010இல் வந்து, இழுவைமடியை, அதாவது கடலடியை வாரி இழுக்கிற வலையை, ஒரு வருஷத்துக்குள் விட்டுவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டு போனது. விடவில்லை. திங்கள், புதன், சனி என்றால் இழுவைமடி இழுக்கிற றோலர் படகுகள் வரும், விடிந்து போய்ப் பார்த்தால் வலை விரித்த இடத்தில் மிதவை மட்டும் கிடக்கும், சிலவேளை அதுவும் இராது. ஊர்வலம் போனோம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் வெயிலுக்குள் இருந்தோம், மகஜர் (மனு) கொடுத்தோம். மகஜரை மட்டும் இரண்டு கையாலும் வாங்குவார்கள், படம் எடுக்க வேண்டுமே.

ஒருநாள் ஓர் அலுவலகத்தில் அதிகாரி ஒருவர் கேட்டார்: "வலை அறுந்தது சரி, றோலர்தான் அறுத்தது எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்? நீரோட்டமாவும் இருக்கலாம்தானே." வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தால், அந்த மனிசன் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. கத்தினோமே தவிர, ஒன்றையும் எழுதி வைக்கவில்லை.

நெல்லியடியில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். திகதி, யாருடைய வலை, எத்தனை, ஜி.பி.எஸ். காட்டிய இடம், பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம், இவ்வளவுதான். ஆட்களை எழுத வைப்பதுதான் பெரிய பாடு. "எழுதினா வலை வருமோ?" என்று ஒரு ஐயா கேட்டார், அவருக்கு அந்த மாதம் இரண்டு தரம் போயிருந்தது. பொலிஸுக்குப் போய் அரை நாள் மினக்கெட ஒருவருக்கும் விருப்பமில்லை. நானே சைக்கிளில் வீடு வீடாகத் திரிந்தேன்.

அப்புறம்தான் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வு மையத்து ஆட்கள் வந்தார்கள், ஒரு மிஸ்ஸும் மொழிபெயர்க்க ஒரு பெடியனும். எங்கள் பேச்சை அரை மணித்தியாலம் மரியாதைக்குக் கேட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கொப்பியைக் கொடுத்ததும் மிஸ் கதையை நிறுத்திவிட்டார். புரட்டிக்கொண்டே போனவர், ஒன்றும் எழுதாத பக்கங்களில் வந்து நின்றார். "சித்திரை நடுப்பகுதியில இருந்து வைகாசி முடியும் வரைக்கும் ஏன் ஒண்டும் இல்லை? எழுத மறந்திட்டீங்களா?"

மறக்கவில்லை. ஏப்ரல் 15 தொடங்கி தமிழ்நாட்டில் றோலர்களுக்குத் தடைக்காலம், அப்போது 45 நாள், 2017இலிருந்துதான் 61. அந்த நாட்களில் எங்கள் வலைக்கு ஒன்றும் நடக்காது, அதனால் திகதி மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டேன். எங்களுக்கு இது பஞ்சாங்கம் மாதிரி, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. நீரோட்டம் தமிழ்நாட்டு அரசின் உத்தரவைப் பார்த்தா ஓடுகிறது? அந்த வெறும் பக்கங்களைத்தான் அவர்கள் முதலில் படம் எடுத்தார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்களுடைய அறிக்கையின் வரைவு வந்தது, ஆங்கிலத்தில். தமிழில் தராவிட்டால் எங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று நாங்கள் நின்றதால் தமிழாக்கமும் வந்தது, வாசித்த பிறகுதான் சண்டை. நாங்கள் கேட்டது மூன்று: இழுவைமடிக்கு முழுத் தடை, அறுந்த வலைக்கு நட்டஈடு, குருநகர் போன்ற இடங்களில் இழுவைமடி செய்கிற எங்கள் ஆட்களுக்கே மாற்றுத் தொழில். தாளில் இருந்தது முதலாவது மட்டும். மிஸ் ஒளிக்காமல் சொன்னார்: நட்டஈடு என்றால் திறைசேரி காசு கொடுக்க வேண்டும், அந்த வரியைக் கண்டால் மற்றதையும் வாசிக்க மாட்டார்கள். எனக்கு அது விளங்கியது, பிடிக்கவில்லை. இழுபட்டு நட்டஈட்டைப் பின்னிணைப்பில் சேர்த்தோம். குருநகர் விஷயம் அதிலும் இல்லை. ஆய்வுக்குக் காசு கொடுத்த வெளிநாட்டு நிதியத்தின் தலைப்பு கடல் வளப் பாதுகாப்பு, ஆட்களின் தொழில் அதற்குள் வராதாம். யார் காசு என்பதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, என் பிழை.

இழுவைமடியைத் தடை செய்கிற சட்டம் எங்கள் கொப்பியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ சங்கங்கள், எத்தனையோ வருஷம். 2016 நவம்பரில் டெல்லியில் பேசியபோதும் இந்தியப் பக்கம் இன்னும் மூன்று வருஷம் தாருங்கள் என்றுதான் கேட்டது. அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தது 2017 ஜூலை 6ஆம் திகதி நிறைவேறியது, 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். இரண்டு வருஷம் வரை சிறை, 50,000 ரூபா அபராதம். 2018 ஜனவரியில் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் 175 மில்லியன் ரூபா வரை ஏற்றினார்கள்.

நான் கண்ட அளவில், ஆட்கள் வீதியில் இருந்தால் அமைச்சர் வருவார், வந்தவர் வாயால் என்ன சொல்வது என்பதை யாரோ எழுதிய தாள் தீர்மானிக்கும். தாளில் இல்லாததை அவர் சொல்லவும் மாட்டார். அதுதான் தம்பியின் அம்புக்குறி. சட்டம் வந்தும் றோலர் நிற்கவில்லை என்பது வேறு கதை. 2021 ஒக்டோபரில் அதே சட்டத்தை அமுல்படுத்து என்று கேட்டு முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுகளில் போராட்டம் நடந்தது, சட்டத்தைக் கொண்டுவந்தவரே முன்னுக்கு. நானும் ஒரு போட்டில் இருந்தேன்.

கொப்பி இப்போது மூன்றாவது. தம்பி பழைய கொப்பியின் வெறும் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். குருநகரில் றோலர் வைத்திருந்த என் மச்சானைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தன் மகளின் கலியாணத்துக்கு மச்சான் எங்களுக்குச் சொல்லவில்லை.